நோயாளிகள் குறையும்போதுதான் புதிய மருந்து தேவை

1992ஆம் ஆண்டில் இந்தியாவில் காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல் 77,102 பேரைத் தாக்கியது. 1,419 பேர் இறந்தார்கள். அரசுக் கணக்கில் ஏறியவர்கள் மட்டுமே இவ்வளவு பேர். மருத்துவமனைப் படியை மிதிக்காமலே போனவர்கள் இதில் சேரவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2023இல், நோயாளிகளின் எண்ணிக்கை 600க்கும் கீழே இறங்கிவிட்டது. பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதி என நான்கு மாநிலங்களில் இந்த நோய் பரவியிருந்த 633 வட்டாரங்களிலும் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகவே நோய் வர வேண்டும் என்பது இலக்கு. அந்த இலக்கை எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. பக்கத்தில் உள்ள வங்கதேசம் 2023 அக்டோபரிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்று, இந்தச் சாதனையைச் செய்த முதல் நாடானது. பொதுச் சுகாதாரத் துறையில் இது அரிய வெற்றி. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரர்களைத் தேடிய ஆஷா பணியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் இந்த வெற்றியின் நிழலில் ஒரு தவறான முடிவும் வளர்ந்துவருகிறது. நோய்தான் போய்க்கொண்டிருக்கிறதே, இனி இதற்குப் புதிய மருந்து எதற்கு என்பதே அந்த முடிவு. நோயாளிகள் அருகிவரும் இந்தக் காலம்தான் புதிய மருந்துக்கான ஆராய்ச்சி மிகவும் தேவைப்படும் காலம் என்பதை இந்த நோயின் வரலாறே சொல்கிறது.

காலா அசாருக்குக் காரணம் லெய்ஷ்மேனியா டொனோவானி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அதைச் சுமந்து வருவது மணல் ஈ. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்தப் பூச்சி, கொசுவலையின் கண்ணி வழியாகவே நுழைந்துவிடக்கூடியது. மண் சுவரின் ஈரமான வெடிப்புகளிலும் மாட்டுத் தொழுவத்தின் தரையிலும் பெருகுவது. அதனால்தான் இந்த நோய், மண் வீட்டில் மாட்டோடு சேர்ந்து வாழும் ஏழையைத் தேடிப் பிடிக்கிறது. உடலுக்குள் புகும் கிருமிகளை விழுங்கி அழிப்பது நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள விழுங்கு செல்களின் வேலை. இந்த ஒட்டுண்ணியோ அந்தச் செல்களுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், இரத்த சோகை, உடல் மெலிவு, விலா எலும்புக்குக் கீழே கை வைத்தால் கல்லாகத் தட்டுப்படும் மண்ணீரல் வீக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள். உயிரைப் பறிக்கும் ஒட்டுண்ணி நோய்களில் மலேரியாவோடு சேர்த்துப் பேச வேண்டிய நோய் இது. ஆனாலும் மலேரியாவுக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட இதற்குக் கிடைத்ததில்லை.

இந்த ஒட்டுண்ணியின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1903இல் பிரிட்டனில் வில்லியம் லெய்ஷ்மனும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டொனோவனும் தனித்தனியாக இதை உலகுக்கு அறிவித்தார்கள். டொனோவன் இங்கிருந்த நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவர். இருவர் பெயரையும் சேர்த்து ஒட்டுண்ணிக்குப் பெயர் சூட்டியவர் ரொனால்ட் ராஸ். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கொல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, காம்ப்பெல் மருத்துவமனையில் போதிய வசதி இல்லாத ஒரு சிறிய அறையில் உழைத்து, ஆண்டிமனிச் சேர்மமான யூரியா ஸ்டிபமைனை உருவாக்கினார். அசாமிலும் வங்கத்திலும் லட்சக்கணக்கானவர்களை அது காப்பாற்றியது. நோய் எங்கே இருந்ததோ அங்கேயே, அந்த மண்ணின் விஞ்ஞானி ஒருவர் உருவாக்கிய மருந்து அது. பின்னால் வந்தவர்கள் இந்த முன்மாதிரியைத் தொடர்ந்திருந்தால் காலா அசாரின் கதை வேறாக இருந்திருக்கும்.

நடந்தது வேறு. 1950களில் மலேரியாவை ஒழிக்க நாடு முழுவதும் டிடிடி மருந்து தெளிக்கப்பட்டது. கொசுக்களோடு மணல் ஈக்களும் மடிந்தன. காலா அசார் ஏறக்குறைய மறைந்தே போனது. நோய் மறைந்ததும் தெளிப்பு நின்றது, கண்காணிப்பு நின்றது, ஆராய்ச்சியும் நின்றது. 1970களில் அது பீகாரில் மீண்டும் தலையெடுத்தபோது நம் கையில் இருந்தது அதே பழைய ஆண்டிமனி வகை ஊசிதான். 1977இல் அங்கே சுமார் ஒரு லட்சம் பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. ஆண்டிமனி ஊசியை வாரக்கணக்கில் நாள்தோறும் போட வேண்டும். வாங்கக் காசில்லாதவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்; முறையான பயிற்சி இல்லாதவர்கள் குறைந்த அளவில் போட்டார்கள். ஒட்டுண்ணி அந்த மருந்தைத் தாங்கிப் பிழைக்கப் பழகிக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, வடக்கு பீகாரில் ஆண்டிமனியால் குணமானவர்கள் நூற்றில் 35 பேர் மட்டுமே. பக்கத்து உத்தரப் பிரதேசத்தில் அதே மருந்து 86 பேரைக் குணப்படுத்தியது. ஒரே மருந்தை நம்பி இருந்தால், அது தோற்கும் நாளில் மாற்று இல்லாமல் நிற்போம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அந்த இக்கட்டிலிருந்து நம்மை மீட்ட மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இன்னொரு உண்மை தெரியும். முதலாவது மில்ட்டிஃபோசின். ஜெர்மனியில் புற்றுநோய்க்காக உருவான இந்த மருந்தை, உலக சுகாதார நிறுவனத்தின் வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒரு ஜெர்மானிய நிறுவனத்தோடு சேர்ந்து காலா அசாருக்குச் சோதித்தன. 2002இல் இந்தியாவில் பதிவானபோது, இந்த நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்கும் முதல் மருந்தாக அது இருந்தது. இரண்டாவது பாரோமோமைசின். பல பத்தாண்டுகளாகக் கிடப்பில் கிடந்த இந்தப் பழைய நுண்ணுயிர்க் கொல்லியை, இலாப நோக்கற்ற ஓர் அமெரிக்க அமைப்பு எடுத்து பீகாரில் சோதித்தது. 2006இல் இந்தியா ஒப்புதல் அளித்தது. ஹைதராபாத் நிறுவனம் ஒன்று தயாரித்தது. மூன்றாவது, பூஞ்சை நோய்களுக்கான ஆம்ஃபோடெரிசின் பி மருந்தைக் கொழுப்பு நுண்குமிழிகளுக்குள் அடைத்துச் செய்த லிப்போசோம் வடிவம். முசாஃபர்பூரில் மருத்துவர் ஷியாம் சுந்தர் குழுவினர் 412 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஒரு முறை ஏற்றினாலே 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள் என்று காட்டியது. இந்த மூன்றில் ஒன்றுகூடக் காலா அசாருக்காகவே தேடிக் கண்டுபிடித்தது அல்ல. மூன்றும் வேறு நோய்களின் அலமாரியிலிருந்து இரவல் வாங்கியவை; மூன்றையும் இந்த நோயாளிகளிடம் கொண்டுவந்து சேர்த்ததில் பொதுப் பணத்துக்கும் இலாப நோக்கற்ற முயற்சிக்கும் பெரும் பங்கு உண்டு.

இன்றைய ஒழிப்புத் திட்டத்தின் முதுகெலும்பு இந்த ஒரே தவணை ஆம்ஃபோடெரிசின்தான். அதன் அருமையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் நோயை உறுதி செய்கிறார்கள். நோயாளியை எடை போடுகிறார்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் மருந்து. குப்பி ஒன்றில் 50 மில்லிகிராம். 40 கிலோ எடையுள்ள கூலித் தொழிலாளிக்கு எட்டுக் குப்பிகள். அதைக் கரைத்து, குளுக்கோஸ் நீரில் கலந்து, சுமார் இரண்டு மணி நேரம் டிரிப்பில் ஏற்றினால் அடுத்த நாளே வீடு திரும்பலாம். முன்பு இதே மருந்தின் சாதாரண வடிவத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஒரு மாதம் மருத்துவமனையில் படுத்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. மருந்தை 25 டிகிரிக்கு மேல் சூடேறாமல் வைத்திருக்க வேண்டும். பீகாரின் கோடையோ 40 டிகிரியைத் தாண்டும். டிரிப் ஏற்றத் தெரிந்த செவிலியரும் படுக்கையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மருந்து 2011 முதல் ஒரே ஓர் அமெரிக்க நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் வழியே கொடுத்துவரும் நன்கொடையில் வருகிறது. அந்த நன்கொடை பாராட்டுக்குரியது. ஆனால் ஒரு நாட்டின் நோய் ஒழிப்புத் திட்டம் ஒரே மருந்தையும், அந்த மருந்து ஒரே நிறுவனத்தின் நல்லெண்ணத்தையும் நம்பியிருப்பது ஆபத்தான ஏற்பாடு. ஆண்டிமனிக்கு நேர்ந்தது இதற்கும் நேராது என்று யாரும் உறுதி தர முடியாது.

இதைவிட அழுத்தமான காரணம், குணமானவர்களின் தோலில் இருக்கிறது. காலா அசார் வந்து குணமானவர்களில் இந்தியாவில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு, பெரும்பாலும் சில ஆண்டுகள் கழித்து, முகத்திலும் கை, மார்பிலும் வெளிறிய புள்ளிகள் தோன்றுகின்றன. சிலருக்கு அவை தடித்து முடிச்சுகளாகின்றன. காலா அசாருக்குப் பிந்தைய தோல் நோய் இது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வேலைக்குப் போவதற்குத் தடையும் இல்லை. ஆகவே பலர் மருத்துவரிடமே போவதில்லை. போகிறவர்களில் சிலர் தொழுநோய் என்று தவறாக முத்திரை குத்தப்படுகிறார்கள். ஆனால் அந்தத் தோலில் உயிருள்ள ஒட்டுண்ணிகள் இருக்கின்றன. இந்த நோயாளிகளைக் கடிக்கும் மணல் ஈக்கள் ஒட்டுண்ணியைப் பெற்றுக்கொள்கின்றன என்பதை வங்கதேசத்திலும் பீகாரிலும் நடந்த ஆய்வுகள் நேரடியாகவே நிரூபித்திருக்கின்றன. ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லாத ஆண்டுகளிலும் ஒட்டுண்ணி இப்படி மனிதத் தோலில் காத்திருக்க முடியும். இவர்களுக்கு இன்று தரப்படும் முக்கிய சிகிச்சை பன்னிரண்டு வாரம் மில்ட்டிஃபோசின் விழுங்குவது. அது குமட்டலையும் வாந்தியையும் தருகிறது; கருவில் உள்ள குழந்தைக்குக் கேடு செய்யும் என்பதால் பெண்கள் சிகிச்சைக் காலம் முழுவதும், முடிந்த பிறகும் சில மாதங்களும் கருத்தடை செய்துகொள்ள வேண்டும்; நீண்ட நாள் எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்குக் கண் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரை, நாள் முழுக்க வயற்காட்டில் உழைக்கும் ஓர் இளம்பெண்ணை, மூன்று மாதம் இந்த மருந்தை விழுங்கச் சொல்வது எவ்வளவு கடினம்! பாதுகாப்பான, சில நாட்களில் முடிந்துவிடும் மாத்திரை ஒன்று வந்தாலொழிய இந்த மறைவிடத்தை நம்மால் காலி செய்ய முடியாது. நோயைக் குறைக்க இன்றைய மருந்துகள் போதும். குறைந்ததைக் குறைந்த நிலையிலேயே வைத்திருக்க அவை போதா.

உலகத்தின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். இன்று உலகின் காலா அசார் நோயாளிகளில் பெரும்பகுதியினர் சூடான், தெற்கு சூடான், எத்தியோப்பியா, கென்யா, சோமாலியா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள்; அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைகள். பீகாரில் அற்புதம் செய்த ஒரே தவணை டிரிப் அங்கே அதே பலனைத் தரவில்லை. ஆகவே ஆண்டிமனியும் பாரோமோமைசினும் சேர்ந்த ஊசிகளை, வலியைப் பொறுத்துக்கொண்டு, 17 நாட்கள் தினமும் போட்டுக்கொள்வதே பல ஆண்டுகளாக அங்கே வழக்கம். ஊசியின் பாதியை மாத்திரையாக மாற்றி 14 நாட்களாகக் குறைக்கும் முறை அண்மையில்தான் சோதனையில் தேறியிருக்கிறது. போரும் பஞ்சமும் துரத்தும் மக்களுக்கு, மருத்துவமனையில் இரண்டு வாரம் தங்குவது என்பதே எட்டாக் கனி. காலா அசாரோடு எச்ஐவி தொற்றும் சேர்ந்தவர்களுக்கு நோய் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தப் பிரச்சினை பீகாரிலும் இருக்கிறது, எத்தியோப்பியாவிலும் இருக்கிறது. இங்கே கண்டுபிடிக்கும் ஒரு நல்ல மாத்திரை அங்கேயும் உயிர்களைக் காக்கும். அங்கே நடக்கும் சோதனை இங்கேயும் பயன்படும்.

இப்படி ஒரு மருந்து சாத்தியமா என்று கேட்டால், உறக்க நோய் பதில் சொல்கிறது. ஆப்பிரிக்காவின் ட்செட்ஸி ஈ பரப்பும் இந்த நோயின் ஒட்டுண்ணி, காலா அசார் ஒட்டுண்ணியின் நெருங்கிய உறவு. நோய் மூளையை எட்டிவிட்டால், ஆர்சனிக் கலந்த மெலார்சோப்ரால் ஊசிதான் நீண்ட காலம் இருந்த வழி. அதைப் போட்டுக்கொண்டவர்களில் இருபதில் ஒருவர் மருந்தாலேயே இறந்தார்கள். 1998இல் ஏறக்குறைய 38,000 நோயாளிகள் பதிவானார்கள். 2003இல் தொடங்கிய ‘கவனிக்கப்படாத நோய்களுக்கான மருந்து முயற்சி’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, 1980களில் ஒரு ஜெர்மானிய நிறுவனம் கைவிட்ட ஃபெக்ஸினிடசோல் என்ற சேர்மத்தைத் தேடி எடுத்தது. கொங்கோ ஜனநாயகக் குடியரசின் உள்கிராமங்களில் சோதனை நடத்தியது. சனோஃபி நிறுவனத்தோடு சேர்ந்து 2018இல் மருந்தாக்கியது. பத்து நாட்கள் வாயால் விழுங்கும் மாத்திரை அது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவான நோயாளிகள் என்ற நிலைக்கு அந்த நோய் இறங்கிய காலத்தில்தான் இந்த மருந்து வந்தது. அதோடு நிறுத்தவில்லை, ஒரே வேளையில் விழுங்கி முடிக்கும் அகோசிபோரால் என்ற அடுத்த மருந்தையும் அதே அமைப்பு சோதித்து நல்ல முடிவு கண்டிருக்கிறது. நோயாளிகள் சில நூறு பேர்தானே என்று அங்கே யாராவது கை கழுவியிருந்தால், இன்றும் முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்து, மருத்துவமனையில் படுக்க வைத்து டிரிப் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கடைசி நோயாளி இருக்கும் காட்டு ஊருக்கு அந்தச் சிகிச்சை ஒருநாளும் போய்ச் சேராது.

காலா அசாருக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. செல்லுக்குள் பழுதான புரதங்களை வெட்டி அப்புறப்படுத்தும் புரோட்டியசோம் என்ற அமைப்பு மனிதனிலும் ஒட்டுண்ணியிலும் உண்டு. ஒட்டுண்ணியின் புரோட்டியசோமை மட்டும் முடக்கி, மனிதச் செல்லின் புரோட்டியசோமை விட்டுவிடும் சேர்மம் ஒன்றைப் பற்றி நோவார்ட்டிஸ் விஞ்ஞானிகளும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2016இல் எழுதினார்கள். அதே வகைச் சேர்மம் காலா அசார், உறக்க நோய், தென் அமெரிக்காவின் சாகஸ் நோய் ஆகிய மூன்றின் ஒட்டுண்ணிகளையும் எலிகளில் தாக்கியது. அதன் வழியில் வந்த எல்எக்ஸ்இ408 என்ற வாய்வழி மருந்து இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் நோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது. காலா அசாருக்காகவே வடிவமைத்த மருந்துகள் இந்தக் கட்டத்தை எட்டுவது அரிது. இங்கேதான் காலம் முக்கியமாகிறது. விழுங்கு செல்லின் உள்ளறையில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை எட்ட, மருந்து பல சவ்வுகளைக் கடக்க வேண்டும். நோயாளி குணமானாரா என்பதை ஆறு மாதம் காத்திருந்துதான் உறுதி செய்ய முடியும். தோல் நோய்க்கு அதைவிட நீண்ட காலம் வேண்டும். நோயாளிகள் குறையக் குறையச் சோதனையில் சேர்ப்பதற்கு ஆள் கிடைப்பது கடினமாகும். நோயை அறிந்த மருத்துவர்கள் ஓய்வு பெறுவார்கள். ஆய்வகங்கள் வேறு வேலைக்குத் திரும்பும். இன்னும் பத்தாண்டு தள்ளிப்போட்டால், நோய் திரும்பி வரும்போது மருந்தைச் சோதிக்கத் தெரிந்தவர்களும் இருக்க மாட்டார்கள்.

இதற்கு எதிராக வரும் முதல் வாதம் பணத்தைப் பற்றியது. காசநோயால் இந்தியாவில் ஆண்டுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் இறக்கும்போது, சில நூறு பேரைத் தாக்கும் நோய்க்கு ஆராய்ச்சிப் பணத்தைச் செலவிடலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காசநோய்க்கான பணத்தை வெட்டிக் காலா அசாருக்குக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஃபெக்ஸினிடசோலைக் கண்டெடுத்துச் சந்தைக்குக் கொண்டுவர ஆன செலவு சுமார் 5.5 கோடி யூரோ. ஒரு நோயை ஒழிப்பின் விளிம்புவரை கொண்டுவரப் பல பத்தாண்டுகளாகப் போட்ட முதலோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை; அதுவும் பல நாடுகள் பகிர்ந்துகொள்ளும் தொகை. அதோடு, இன்றைய சில நூறு என்ற எண்ணிக்கை தானாக வந்து நிற்பதல்ல. தேடுதலும் தெளிப்பும் சிகிச்சையும் சேர்ந்து அழுத்திப் பிடித்து வைத்திருக்கும் எண்ணிக்கை அது. பிடி தளர்ந்தால் அது எங்கே போகும் என்பதற்கு 1977இன் பீகார் சாட்சி. திரும்பி வரும் ஒரு கொள்ளைநோயை அடக்க ஆகும் செலவையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இரண்டாவது வாதம், மணல் ஈயை ஒழித்தால் போதும், நல்ல வீடு கட்டிக் கொடுத்தால் போதும், மருந்து எதற்கு என்பது. வெடிப்பில்லாத சுவரும் உலர்ந்த தரையும் உள்ள வீடு எந்த ஏழைக்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டியது; அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பூச்சிக்கொல்லியை மட்டும் நம்பிய அனுபவம் நமக்கு இருக்கிறது. பல பத்தாண்டுகள் தெளித்த டிடிடியைத் தாங்கும் திறனைப் பீகாரின் மணல் ஈக்கள் பெற்றுவிட்டன. கடந்த பத்தாண்டில் வேறு வகைப் பூச்சிக்கொல்லிக்கு மாற வேண்டியதாயிற்று. அதையும் அவை ஒருநாள் தாங்கிக்கொள்ளும். பூச்சியை அடக்குவது பரவலைக் குறைக்கும். ஏற்கெனவே மனித உடலில் இருக்கும் ஒட்டுண்ணியை அதனால் தொட முடியாது. தெளிப்பும் வீடும் மருந்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அவற்றில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவைப்பவர்கள் மூன்றையும் பலவீனமாக்குகிறார்கள்.

மூன்றாவது வாதம், சந்தையை ஊக்குவித்தால் தனியார் நிறுவனங்களே மருந்து கண்டுபிடித்துவிடும் என்பது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 1975 முதல் 1999 வரை உலகில் அறிமுகமான 1,393 புதிய மருந்துகளில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்து வந்தவை 16 மட்டுமே. இதைச் சரிசெய்ய அமெரிக்கா 2007இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கவனிக்கப்படாத நோய்க்கு மருந்து பதிவு செய்யும் நிறுவனத்துக்கு, வேறு எந்த மருந்தையும் விரைவாகப் பரிசீலிக்க வைக்கும் முன்னுரிமைச் சீட்டு ஒன்று கிடைக்கும். அதை விற்கவும் செய்யலாம். 2014இல் மில்ட்டிஃபோசினை அமெரிக்காவில் பதிவு செய்த ஒரு கனடா நிறுவனம் அந்தச் சீட்டைப் பெற்று, அதே ஆண்டில் 12.5 கோடி டாலருக்கு விற்றது. அந்த மருந்தோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பொதுப் பணத்தின் துணையோடு இந்தியாவில் சோதித்துப் பதிவானது. பரிசைப் பெற்றவர்கள் நோயாளிகளுக்குக் கட்டுப்படியான விலையில் மருந்து தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டம் விதிக்கவில்லை. தனியார் நிறுவனங்களின் திறமை நமக்கு வேண்டும். நோவார்ட்டிஸும் சனோஃபியும் இதில் செய்திருக்கும் பணியை மதிக்க வேண்டும். ஆனால் எந்த நோய்க்கு மருந்து வேண்டும் என்பதை முடிவு செய்வதும், விலையையும் கிடைக்கும் தன்மையையும் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வைப்பதும் பொது நிறுவனங்களின் கையில் இருக்க வேண்டும். வாங்கும் சக்தி இல்லாதவர்களின் நோய்க்குச் சந்தை வழிகாட்டாது.

கடைசியாக, இதையெல்லாம் பணக்கார நாடுகள் பார்த்துக்கொள்ளட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலம் கடந்துவிட்டது. பிரிட்டன் 2021இல் தன் வெளிநாட்டு உதவியைச் சுருக்கியபோது வெப்பமண்டல நோய்களுக்கான திட்டங்கள் பாதியில் நின்றன. 2025இல் அமெரிக்கா தன் சர்வதேச உதவி அமைப்பையே கலைத்தது. பிறர் பணத்தில் ஓடும் ஆராய்ச்சி பிறர் அரசியலுக்கு ஏற்ப நிற்கும். இந்தியாவோ இந்தத் துறையில் வெறும் பயனாளி அல்ல. கவனிக்கப்படாத நோய்களுக்கான மருந்து முயற்சியைத் தொடங்கிய அமைப்புகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒன்று. பாட்னாவில் இந்த நோய்க்கென்றே பெயர் பெற்ற இராஜேந்திர நினைவு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உலகுக்கே மலிவு விலையில் மருந்து செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மில்ட்டிஃபோசின் முதலிய மூன்று மருந்துகளையும் தன் உடலில் ஏற்றிச் சோதித்துப் பார்க்க இசைந்தவர் பீகாரின் ஏழை நோயாளி. அந்தச் சோதனைகளின் பலனை உலகம் பெற்றுக்கொண்டது. அவருக்குரிய நன்றியை நல்ல மருந்தாகத் திருப்பிக் கொடுப்பது இந்த நாட்டின் கடமை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. காலா அசாருக்கான மருந்து ஆராய்ச்சிக்கு, ஒழிப்புச் சான்றிதழ் வந்தாலும் நிற்காதபடி, குறைந்தது பத்தாண்டுக்கான நிதியை மத்திய அரசு தனியாக ஒதுக்க வேண்டும். வாய்வழி மருந்துகளின் அடுத்த கட்டச் சோதனைகளைக் காய்ச்சல் நோயாளிகளோடு நிறுத்தாமல், தோல் நோய் உள்ளவர்கள், பெண்கள், குழந்தைகள், எச்ஐவி தொற்று உள்ளவர்கள் என எல்லோரிடமும் பாதுகாப்பாக நடத்தத் திட்டமிட வேண்டும். நான்கு மாநிலங்களிலும் குணமானவர்களை ஆண்டுகள் பல தொடர்ந்து கண்காணித்து, தோல் நோய் வந்தவர்களைக் கண்டறிந்து பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். மருந்து தேறினால் அதை இந்தியாவிலேயே தயாரிக்கவும், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அடக்க விலையில் தரவும் இப்போதே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் இந்தியாவுக்கும் ஒருநாள் வரும். அன்று வாழ்த்துச் சொல்லும் நாடாளுமன்ற உறுப்பினர்கள், இந்த நோய்க்கான அடுத்த மருந்துக்கு நிதிநிலை அறிக்கையில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.